டார்ச் எதற்கு?

"கருவிழி வரையறதுக்குக் கை மட்டும் போதாது. கண்ணு வேணும், கண்ணு!"

செயற்கைக் கண் செய்கிறவர் வழக்கம்போல மனைவியிடம் பீற்றிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கண்ணையாவது முழுசாகத் தானே வரைய வேண்டும். அவரோ அச்சு வார்ப்பது, பாலிஷ் போடுவது தவிர எதற்கும் அவளை விட்டதில்லை. போன மாதம் இடுப்பு பிடித்துப் படுத்தபோதுகூட, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டார்.

"அப்போ இந்த ஜென்மத்துல என் கையில தூரிகையைக் குடுக்கவே மாட்டீங்களா?" அவள் பாலிஷ் துணியைக் கீழே வைத்தாள்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு தையல்காரர் வந்தார். "ஐயா, செயற்கைக் கண்ணு லேசா உறுத்துது. பாலிஷ் போடணும். அது வந்து..."

"எந்தக் கண்ணுன்னு சொல்லாதீங்க. நானே சொல்றேன். ஆடாம உட்காருங்க."

மனைவி அவசரமாகச் சின்ன டார்ச்சை நீட்டினாள். "வெளிச்சம் அடிச்சுப் பார்த்துடுங்களேன். நிஜக் கண்ணுன்னா கண்மணி சுருங்குமே."

"எனக்கா? டார்ச்சா?"

மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இடது கண்ணு. சந்தேகமே இல்ல. எந்த மகானுபாவன் செஞ்சான் இதை? வெள்ளைவிழி பழைய தலையணை உறை மாதிரி மஞ்சளா இருக்கு. ரத்தக்குழாய்க்குச் சிவப்பு நூல் ஒட்டச் சொன்னா, கயிறு திரிச்சு ஒட்டியிருக்கான். கருவிழியில உசிரே இல்ல."

தையல்காரர் வாயைத் திறந்தார். இவர் விட்டால்தானே!

"இருங்க. நீ இங்க வா. இந்த வலது கண்ணைப் பாரு. ஓரத்துல மெல்லிசா சாம்பல் வளையம், உள்ள தேன் நிறத்துல இழை இழையா... இதுதான் படைச்சவன் கைவேலை. இப்படி ஒண்ணு நீ வரைஞ்சுட்டா, தூரிகையை உன்கிட்ட குடுத்துட்டு நான் அச்சு வார்க்கப் போறேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா!"

தையல்காரர் கனைத்தார். "ஐயா, அந்த மட்டமான இடது கண்ணு எங்கம்மா பெத்துப் போட்டது. நாள் பூரா ஊசி கோத்தா அப்படித்தான் சிவக்கும். வலது கண்ணுதான் போன மாசம் நீங்க படுத்திருந்தப்போ இந்த அக்கா செஞ்சு குடுத்தது."

அவர் தூரிகையை மனைவி பக்கம் நகர்த்திவிட்டு, டார்ச்சையும் அவள் கையில் கொடுத்தார்.

"எதுக்கும் என் கண்ணு ரெண்டையும் அடிச்சுப் பாரு. பொம்மைக் கண்ணா இருக்கப் போகுது!"