வழவழப்பு

"இன்னும் விரல்ல தட்டுதுடி," என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தில் மறுபடியும் அரத்தை வைத்தாள் அவள்.

"போதும்க்கா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது." பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த தங்கை கொட்டாவி விட்டாள். "ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு சீவிச் சிங்காரிப்பா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு அந்த அதிகாரி வருவார். முதலில் தன் சொந்தக் கம்ப்யூட்டரை டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். இது பிடித்துப்போனால், அவர் அலுவலகத்து நாற்பது கம்ப்யூட்டர்களும் இனி இந்தப் பட்டறைக்கு. பிடிக்காவிட்டால் மறுபடியும் மாமாவின் கடை. "தனியாப் போறியா? போ, நாலு மாசத்துல வந்து நிப்பே" என்று சொன்ன மாமா. இது நான்காவது மாதம்.

பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்திருந்தது. அதை மாற்ற, அதைப் பிடித்திருந்த ரிவிட் ஆணிகளையெல்லாம் ட்ரில் போட்டு எடுத்தாள். குமிழ்த்தலை ரிவிட்டை அடித்துத் திரும்பப் பூட்டினால் பத்து நிமிட வேலை. அவளோ ஒவ்வொரு துளையின் வாயையும் சரிவாகக் குடைந்து, தலை தகட்டோடு தகடாகப் படிந்துவிடும் தட்டை ரிவிட்டாகப் போட்டாள். மூன்று நாள் ஆயிற்று.

பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் எரிச்சல் வந்தது. ஒயர் சொருகும் இடங்களுக்குப் பக்கத்தில் இங்கே ஒன்று, அங்கே இரண்டு, கீழே மூன்று என்று துருத்திக்கொண்டு குமிழ் ரிவிட்டுகள். அவை எதையும் பிடித்திருக்கவில்லை. எவனோ ஓர் அரைகுறை மெக்கானிக், துளையைத் தப்பாகப் போட்டுவிட்டு மூடி வைத்திருக்கிறான். அவற்றையும் எடுத்துவிட்டுத் தட்டையாக்கினாள்.

அடுத்தவர் தவற்றைத் திருத்தும்போது அவளுக்குள் ஒரு கர்வம் எட்டிப் பார்க்கும். அது நல்லதா, கெட்டதா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

"போன்ல அவர் என்னதான் சொன்னார்?"

"அடித்தகட்டை மட்டும் மாத்துங்க, மத்தது இருந்தபடி இருக்கட்டும்னார்."

"அப்புறம் என்னக்கா?"

"இருந்தபடியே குடுத்தா மாமா கடைக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்?"

வாசலில் கார் நின்றது. தங்கை அவசரமாக எழுந்து வழிவிட்டாள். அதிகாரியும் அவர் மனைவியும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

அவள் எழுந்து நின்று புன்னகைத்தாள். அந்த அம்மாள் புன்னகைத்தார். அதிகாரி சிரிக்கவில்லை. சரியான சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"இதோ," என்று அந்த அம்மாள் பெட்டியின் பின்பக்கத்தைக் கணவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அவர் தகட்டின் மேல் கையை வைத்தார். விரல்கள் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கின. எங்கேயும் தட்டாது. ராத்திரித் தூக்கத்தில்கூட அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறாள்.

விரல்கள் திரும்ப மேலே போயின. மறுபடி கீழே வந்தன. இந்த முறை வேகமாக, எதையோ தொலைத்துவிட்டது போல.

அவளால் பொறுக்க முடியவில்லை. "வழவழன்னு இருக்கா சார்?"

விரல்கள் நின்றன. அவர் முகம் அவள் குரல் வந்த பக்கமாகத் திரும்பியது.

"எந்த ஒயர் எங்கேன்னு தொட்டுத் தெரிஞ்சுக்க, நானே அடிச்சு வச்ச ரிவிட்டெல்லாம் எங்கம்மா?"