முதலில் முடித்தவர்

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அவர்கள் அறிவுக்கு ஈடாகப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் கணக்கு வாத்தியாருக்குத் தலைமையாசிரியர் நாற்காலி.

பயிற்சி நடத்த வந்த அம்மாள் மற்றவர்களுக்கெல்லாம் மூளையைக் கசக்கும் புதிர்களைக் கொடுத்தார். வாத்தியாருக்கு மட்டும் ஒற்றை இலக்கக் கூட்டல், நாற்பது. இரண்டே நிமிடத்தில் முடித்து நீட்டினார்.

“அதுக்குள்ளயா? இந்தாங்க, இன்னொரு நாப்பது.”

“இதுவும் அதேதானே மேடம். கொஞ்சம் கஷ்டமாத்தான் குடுங்களேன்.”

“மத்தவங்களும் முடிக்கட்டும் சார். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.”

சும்மா இருக்க முடியாமல் வாத்தியார் பக்கத்து மேசைப் புதிருக்கு விடை சொல்லிவிட்டார். அம்மாள் உடனே அவரைச் சுவரோரம் தனி நாற்காலிக்கு மாற்றினார். விலைபோகாத சரக்கு மாதிரி சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தார்.

கடைசியில் மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. அவருக்கு வந்தது ஒரு குறிப்பு: ‘கவனம் போதாது. பிறரைத் தொந்தரவு செய்கிறார். பெற்றோர் கண்டிக்கவும்.’

“பெற்றோரா? எனக்கு அம்பத்திமூணு வயசு மேடம். யாருக்கோ எழுதினதை எங்கிட்டக் குடுத்துட்டீங்க.”

“ஆமா சார். போன மாசம் என் பொண்ணு ரிப்போர்ட்ல நீங்க எழுதினது. ஒரு எழுத்துகூட மாத்தல.”

வாத்தியார் குறிப்பை மறுபடி படித்துப் பார்த்தார்.

“அப்ப... என் சர்டிபிகேட்டு?”

“நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. பேசிக்கலாம்.”