தொடாத பிரேக்

"ஏன் பாய், ஒங்களுக்கு வேலை தெரியுமா தெரியாதா? தெரியலன்னா கடைய மூடிட்டுப் போங்க!"

அஞ்சலாட்சி போட்ட சத்தம் மூலக்குளம் மெயின் ரோட்டில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

ஷஹாபுதீனின் சைக்கிள் கடையில் பஞ்சருக்கு வண்டியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிரேம்குமாருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"பேரிங் மாத்துறேன்னு எங்க வூட்டுக்காரரு வண்டிய வாங்கி வச்சீங்க. என்னத்த மாத்தினீங்க? கோரிமேட்டுல ஏறும்போது ஒண்ணும் தெரியலயாம். எறங்கும்போதுதான் யாரோ பின்னாடி புடிச்சி இழுக்குற மாதிரி இருக்குதாம். தெனம் வந்து பொலம்புறாரு!"

"பாத்துத் தரேம்மா, வண்டிய அனுப்பு" என்றார் ஷஹாபுதீன், குனிந்த தலை நிமிராமல்.

"கிழிச்சீங்க!"

கையிலிருந்த மஞ்சப்பையை மேசைமேல் பொத்தென்று போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரேம்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பாய் இது? அந்தம்மா வாய்க்கு வந்தபடி பேசுது, நீங்களும் கேட்டுட்டு நிக்கிறீங்க. யாரு அது?"

"தெய்வசிகாமணி சம்சாரம் சார். அவருக்கு ரெண்டு காலும் வராது. கையால சுத்துற மூணு சக்கர வண்டி. கோரிமேட்டுல ஆஸ்பத்திரி வாசல்ல பெட்டிக்கடை வச்சிருக்காரு. தனியாப் போயி தனியாத்தான் வருவாரு."

"அப்ப வண்டில என்ன கோளாறுன்னு பாத்துச் சரி பண்ணிட வேண்டியதுதானே?"

"கோளாறு இல்ல சார். நான் வேணும்னு வச்சதுதான்."

பிரேம்குமார் முறைத்தார்.

தலைகீழாக நிற்கவைத்திருந்த அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தை ஷஹாபுதீன் வேகமாகச் சுற்றிவிட்டார். அலுமினிய ரிம். டப்பாவிலிருந்து இரண்டு காந்தங்களை எடுத்து, ரிம்மின் இரண்டு பக்கமும் படாமல் பிடித்தார். சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி வேகம் குறைந்தது.

"அலுமினியத்துல காந்தம் ஒட்டாதே பாய்!"

"ஒட்டாது. ஆனா காந்தத்துக்கிட்ட அலுமினியம் ஓடினா, அதுக்குள்ள கரன்ட்டு சுழலுமாம். அந்தக் கரன்ட்டே ஒரு காந்தமாட்டம் ஓட்டத்த எதிர்த்துத் தடுக்குமாம். வேகமாப் போனா பலமாத் தடுக்கும், மெதுவாப் போனா லேசா. நின்னுட்டா ஒண்ணுமே கெடையாது. பெரிய பஸ்ஸு, ரயிலுல எல்லாம்கூட இப்பிடி வைக்கிறாங்களாம். காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்குற எம்பொண்ணு ஸமீஹா குடுத்த யோசனை சார். சக்கரத்துல ஒரு அலுமினியத் தட்டு, பக்கத்துல காந்தம். அவ்ளோதான்."

"சரி, அத ஏன் அவருக்கே தெரியாம வைக்கணும்?"

ஷஹாபுதீன் குரலைத் தாழ்த்தினார்.

"பிரேக் புடிக்கிற கையில அவருக்கு பலம் போயிடிச்சு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு. சோத்தப் பிசையிறப்பவே வெரலு மடங்க மாட்டேங்குதாம். எறக்கத்துல வண்டி பிச்சிக்கிட்டு வந்தா என்னா ஆவறது? 'இனிமே வூட்லயே இரு'ன்னு சொன்னா மனுசன் ஒடைஞ்சி போயிடுவாரு. இப்ப எறக்கத்துல வேகத்த காந்தம் பாத்துக்குது. மெதுவா வர்ற வண்டிய லேசாப் புடிச்சாலே நின்னுடும்."

"அவரு சோத்தப் பிசையிறதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சலாட்சி சொன்னதுதான். அவருக்குத் தெரியாம எப்பிடியாவது பண்ணுங்கண்ணேன்னு அழுதுகிட்டு வந்து நின்னதே அந்தப் பொண்ணுதான சார்!"

பிரேம்குமார் ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப இந்தத் திட்டெல்லாம்?"

"புருசன் வண்டியக் கொற சொல்றாரு, பொண்டாட்டி சும்மா இருந்தா சந்தேகம் வராதா? அதான் ஊரு கேக்கத் திட்டிட்டுப் போவுது. பையத் தொறந்து பாருங்க."

பை நிறைய அவித்த மல்லாட்டை, தோலோடு வெந்த வேர்க்கடலை.

"இருந்தாலும் உங்க கடை பேரு கெடுதே பாய்."

"கெட்டா கெடட்டும். என் சம்சாரம் கனீஸ் பாத்திமா அந்த ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அவரு பெட்டிக்கடைதான் எனக்கு வூடு. 'நீங்க கொஞ்சம் கண்ணசருங்க பாய், உள்ளேர்ந்து கூப்புட்டா நான் எழுப்புறேன்'னு வண்டியிலயே முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்த மனுசன் சார். கனீஸ் இன்னைக்கி வூட்ல நடமாடுறா. இந்தத் திட்டு எனக்கு ஒரு பாரமா?"

மணிச் சத்தம் கேட்டது. மூணு சக்கர வண்டி வந்துகொண்டிருந்தது. பிரேம்குமார் சட்டென்று மஞ்சப்பையை ஸ்டூலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"என்னா பாய், வண்டி ஆமையாட்டம் நகருது!" என்று ரோடு கேட்கக் கத்திக்கொண்டே வந்தார் தெய்வசிகாமணி. கடையோரம் வந்து நின்றதும் குரல் இறங்கியது.

"பாய்... அந்தக் காந்தத்த மட்டும் கழட்டிடாதீங்க."

ஷஹாபுதீன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது.

"வண்டிய தொடைக்கிறப்ப சாவிக்கொத்து போயி ஒட்டிக்கிச்சி. உத்துப் பாத்தேன், புரிஞ்சிடுச்சி. எங்கையி இப்பிடி ஆனத எப்பிடியோ கண்டுபுடிச்சிட்டீங்க. அன்னைக்கி மழையில எறங்கறேன், ஒரு கொழந்த குறுக்க ஓடியாந்துடுச்சி. வண்டி நின்னுது பாய்! ஒங்களுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அஞ்சலாட்சிக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா, நான் வர்ற வரைக்கும் தெனம் ரோட்டயே பாத்துக்கிட்டு நிப்பா. ஏன் லேட்டுன்னு கேக்குறப்ப வண்டி சரியில்லன்னு பொலம்பி வைக்கிறேன். அத நம்பிட்டு அவ வந்து ஒங்களத் திட்டுறா. எனக்காகப் பொறுத்துக்குங்க."

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"வூட்ல அவிச்ச மல்லாட்டை பாய். அவளுக்குத் தெரியாம எடுத்தாந்தேன்."