வீட்டிலிருந்த காந்தங்கள்

ஞாயிறு காலை எட்டு நாற்பதுக்குக் கோடு நேராக இருந்தது.

ஹெர்பர்ட் லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேற்று மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. இன்று மாலை ஆறுவரை இப்படியே போனால் போதும்.

ஹால் மூலையில், மகள் ஸ்னேஹாவின் சின்ன மேஜைக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. செல்போன் டவர் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய அணுக் கடிகாரம். முகமும் இல்லை, முள்ளும் இல்லை. சாப்பாட்டு டப்பா அளவு. தொட்டால் மூடி லேசாகச் சுடும். அது சரியாக ஓடினால் திரையில் கோடு நேராகப் போகும். தவறினால் வளையும்.

இப்படி ஏழு பெட்டிகளை எஸ்.பி. ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் வாங்கலாம் என்று முதலாளியிடம் சொன்னது அவன்தான். பட்டறையில் வெல்டிங் தொந்தரவு என்று ஒன்றை ஈஜிபுரா வீட்டுக்கே தூக்கிவந்ததும் அவன்தான்.

"திங்கக்கிழமை ஒரு முழு நாள் நேர்க்கோடு காட்டு ஹெர்பர்ட். இல்லைன்னா ஏழையும் பழைய இரும்பு வாங்குற குஜிரிக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடுவேன். எட்டாவதா உன்னையும்." முதலாளி ஜெயராமன் போனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடைசி இரண்டு வார்த்தையில் சிரிப்பு இல்லை.

காந்தம்தான் காரணம். அதுவரை அவன் கண்டுபிடித்திருந்தான். எங்கிருந்தோ மூடியில் காந்தம் ஏறுகிறது. உள்ளே கடிகாரம் தடுமாறுகிறது. பழைய டிவி மெக்கானிக்குகள் படக்குழாயில் ஏறிய காந்தத்தை எடுக்கும் வளையத்தை வாங்கிவந்து மூடியைச் சுற்றிச் சுற்றி எடுப்பான். கோடு நிமிரும். ஒரு நாள் இருக்கும், இரண்டு நாள் இருக்கும். திடீரென்று ஒரு அரைமணி நேரம் வளையும்.

வீட்டிலிருந்த காந்தங்களை ஒரு தாளில் எழுதினான். ஃபிரிட்ஜ் கதவு, ஸ்பீக்கர், சுவர் கடிகாரம், மிக்ஸி. மாடி வீட்டுக்கும் ஏறிப் போய் விசாரித்தான்.

"எங்க வீட்டுல ஏதுப்பா காந்தம்? எங்க வீட்டுக்காரர்தான் சோபாவோட ஒட்டிக்கிட்டு இருக்காரு," என்றாள் ருக்மிணி அக்கா.

ஒவ்வொன்றாகச் சோதித்துத் தாளில் அடித்தான். மிஞ்சியது மிக்ஸி.

அது பொருந்தியது. புதன் ஏழு ஐம்பதுக்குக் கோடு வளைந்தது, மிக்ஸி ஓடியது. வெள்ளி ஒன்பது பத்துக்கு வளைந்தது, மிக்ஸி ஓடியது.

நேற்று மதியம் மனைவி ஆஷா கடைக்குப் போயிருந்தபோது, மிக்ஸியை அவனே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான். ஸ்னேஹா படம் வரைவதை நிறுத்திவிட்டு வந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள். அம்மா இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோடு அசையவே இல்லை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மிக்ஸிதான். மிக்ஸி இல்லை. தாளில் மிக்ஸியை அடித்தான், பிறகு மறுபடியும் எழுதினான்.

"இன்னிக்கு ஒரு நாள் மிக்ஸி போடாத ஆஷா."

"உங்க பொட்டிக்குக் கோவம் வரும்னு நான் சட்னி அரைக்கக் கூடாதா? அதைப் பாக்குற பார்வையில பாதி..."

ஆஷா நிறுத்திக்கொண்டாள். ஸ்னேஹாவைப் பார்த்தாள். சமையலறைக்குள் போனாள். அவனும் போனான். கதவைச் சாத்தினான்.

அவர்களுக்குள் மிஞ்சியிருந்த ஒரே ஒப்பந்தம் அது. குழந்தை முன்னால் சண்டை கிடையாது.

முன்பெல்லாம் ஹாலிலேயே போட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்னேஹாவுக்குக் காது கேட்க ஆபரேஷன் ஆனது. காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், மெஷினிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் தலையோடு ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை. முதல் முறை ஃபேன் சத்தத்துக்கு அவள் அண்ணாந்து பார்த்தபோது இருவரும் அழுதார்கள்.

அன்றிலிருந்துதான் சமையலறை, சாத்திய கதவு, மிக்ஸி. ஜாரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இன்று குரலை மூட மிக்ஸி இல்லாததால் ஆஷா மெதுவாகத்தான் சொன்னாள். ஜூன் மாதம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சந்தாபுராவுக்குப் போகிறாள், தன் அக்கா வீட்டுக்கு. அங்கே ஸ்கூல்கூடப் பேசியாகிவிட்டது.

அவனும் மெதுவாகத்தான் தொடங்கினான். மெதுவாக முடிக்க முடியவில்லை.

பிறகு ஆஷா குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

அவன் கதவைத் திறந்து நேராக லேப்டாப்புக்கு வந்தான்.

ஒன்பது ஆறுக்குக் கோடு வளைந்திருந்தது. இப்போதும் வளைந்துகொண்டே போனது.

மிக்ஸி ஓடவே இல்லை.

அவன் பெட்டியைப் பார்த்தான்.

மூடியின் நடுவில் வட்ட வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயர் மடங்கி, மெஷின் அதன் பக்கத்தில் படுத்திருந்தது.

அவன் தாளில் அது இல்லை.

ஸ்னேஹா அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கை வரைந்துகொண்டிருந்தது. இடது கையைச் சமையலறைச் சுவரில் விரித்து வைத்திருந்தாள். மிக்ஸி மேடை அந்தச் சுவரின் மறுபக்கம்.

கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

வில்லையை மூடியிலிருந்து பிரித்தான். சூடாக இருந்தது. மெஷினைக் காதுக்குப் பின்னால் மாட்டினான். முடியை விலக்கி இடம் தேடினான். விரலிலிருந்து நழுவி, வில்லை தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

ஸ்னேஹா திடுக்கிடவில்லை. சுவரிலிருந்து கையை எடுக்காமல் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"இன்னிக்கு சுவர் ஆடவே இல்ல. முடிஞ்சிடுச்சா டாடி?"