மாவு தீர்ந்த பிறகும்

அடுப்பை அணைத்துவிட்டால் இந்த வியர்வைக்கு என்ன காரணம் சொல்வது?

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். சுரீரென்றது.

மாவு தீர்ந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது.

எட்டு மாதமாக அடுப்புதான் அவளுக்கு மறைப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும், சூடாகத் தோசை வார்க்கிறேன் என்று எழுந்துவிடுவாள். என் வீட்டில் ஆறின தோசையே கிடையாது என்று அவள் கணவர் பெருமை பேசுவார்.

முதலில் காது மடல் சொல்லும். அப்புறம் கழுத்து. அப்புறம் ரவிக்கை முதுகோடு ஒட்டும். ஃப்ரிட்ஜில், கறிவேப்பிலைக்குப் பின்னால், ஒரு ஈரத்துண்டு மடித்து வைத்திருக்கிறாள்.

இது நோயில்லை என்றார் டாக்டர்.

நோயென்றால் யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், சித்தி மகளைப் பற்றி அவள் கணவர் சொன்னார். "அவளுக்கென்ன, கடையைச் சாத்தியாச்சு." பந்தியே சிரித்தது.

அவளும் சிரித்திருந்தாள்.

"காலிக் கல்லையா காய வச்சிட்டிருக்க?"

கணவரின் அக்கா. சொர்ணம் மதினி கை நீட்டி அடுப்பை அணைத்தாள். காற்றாடியைப் போட்டாள். அங்கேயே நின்றாள்.

அடுப்பு ஆறியது. அவள் ஆறவில்லை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு மேடையில் விழுந்தது.

மதினி அந்தச் சொட்டைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தை.

"ஏட்டி, ஒனக்கும் நின்னு போச்சா?"

பதினான்கு மாதம். யாருக்கும் தெரியாது. பக்கத்தில் படுக்கிறவருக்குக்கூட.

அவள் பதில் சொல்வதற்குள் மதினி கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "இனி என் முட்டிக்கு விடுதலை! மாவிளக்குக்கு அடுத்த ஆள் கெடச்சாச்சு!"

அந்தக் குடும்பத்தில் அம்மனுக்கு மாவிளக்கு மாவை, நின்றுபோனவள்தான் இடிக்க வேண்டும். பதினோரு வருடமாக மதினி இடிக்கிறாள்.

கூடத்தில் கொழுந்தன்மார் இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் கணவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மதினி பித்தளைச் சருவத்தை நீட்டினாள். உலர்த்திய அரிசி. வெள்ளை வெளேரென்று.

"தலைக்கு ஊத்திட்டு வா. இந்தத் தடவை ஒன் கையால."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முடியாது மதினி."

கூடத்துக்குக் கேட்கும்படி, மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படி சொன்னாள்.

"இப்பத்தான் வீட்டுக்குத் தூரமானேன்."

செய்தித்தாள் கொஞ்சம் இறங்கியது.

மதினி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வியர்வை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்றாள். சருவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கூடத்தைப் பார்த்து, "இந்த வருசமும் நாந்தான் போல" என்றாள்.

அவள் பின்னறைக்குப் போனாள். வருடக்கணக்காகப் பழகிய இடம்; இந்தப் பதினான்கு மாதமும் கணக்குத் தவறாமல் பொய்யாக வந்து உட்கார்ந்த இடம். சுவரோரம் பாயை விரித்து, எதையும் தொடாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளியே உலக்கைச் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.

வாசற்படியில் மதினி வந்து குனிந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் குனிய முடிந்தது. தூரமானவளுக்கு வைப்பதுபோல், உள்ளே வராமல், ஒரு தம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்தாள்.

பக்கத்தில் ஈரத்துண்டு. நாலாக மடித்தது. ஃப்ரிட்ஜின் குளிர் அதிலிருந்து புகைந்தது.

மதினி போகும்வரை அவள் அதை எடுக்கவில்லை.