இரண்டாவது மாஸ்டர் சாவி

விஜயநகர் வீட்டுக் கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள் லிங்கப்பன், மகன் சிவகுமார், மருமகள் சுசித்ரா, பூட்டுக்கடை தண்டபாணி ஆகிய நால்வர்தான்.

மூன்று தளங்களுக்கும் புதுப் பூட்டு. கீழே லிங்கப்பன், நடுவில் மகன், மேல்தளம் காலி. ஒவ்வொரு சாவியும் அதனதன் கதவை மட்டும் திறக்கும். மாஸ்டர் சாவி எல்லாவற்றையும் திறக்கும். மாஸ்டர் ஒன்றே போதும், அது தன்னிடமே இருக்கும் என்று லிங்கப்பன் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

சாவி வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குவது தண்டபாணியின் வழக்கம். அவர் நீட்டிய தாளில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது.

"இன்னொரு மாஸ்டர் போட்டு நேத்தே உங்க மக வாங்கிட்டுப் போனாங்கங்க. அப்பா சொன்னாருன்னாங்க."

ஒரே மகள் வசந்தாமணி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு பதினோரு வருஷம். இறந்து எட்டு மாதம். சாமராஜநகரில் நடந்த காரியத்துக்கு லிங்கப்பன் போகவில்லை. வீட்டில் யாரையும் போகவிடவுமில்லை.

"அக்கா கையெழுத்துதான், மாமா" என்றாள் சுசித்ரா.

"நீ சும்மா இரு."

தண்டபாணி விழித்தார். "குடுத்திருக்கக் கூடாதுங்களா? வேணும்னா மூணு பூட்டையும் மாத்திரலாங்க."

மாற்றுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் லிங்கப்பன் ஒருநாளும் சொன்னதில்லை.

"எம்மகதான. இருக்கட்டும்" என்று அந்தக் கையெழுத்துக்குக் கீழேயே தானும் கையெழுத்திட்டார்.

அந்த வீட்டில் திருடன் புழங்குவதாக இப்போது தெருவில் பேச்சு. அது உண்மையல்ல. எதுவும் காணாமல் போகவில்லை. இரவில் பூட்டினாலும், தினமும் காலையில் நடுத்தளத்துக் கதவும் மேல்தளத்துக் கதவும் திறந்திருக்கின்றன. லிங்கப்பனின் கதவு மட்டும் பூட்டியபடியே இருக்கிறது.