ஒரு சரிங்க

டாக்டருக்கு உதவும் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பை முடித்துவிட்டு ஏழு மாதமாக வேலையில்லாமல் இருந்த தமயந்தியை ஒரு மருத்துவமனை போனில் அழைத்தது. பேசியது எந்திரம். முதலில் அது சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்று நினைத்திருந்தாள்.

"முதல் வருடம் பாதிச் சம்பளம்."

"சரிங்க..."

"தினமும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி."

"சரிங்க..."

"ஐந்து வருடம் விலக முடியாது."

"சரிங்க, ஆனா நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"மூன்றுக்கும் சம்மதித்துவிட்டீர்கள். ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. நன்றி."

"ஐயோ, அது சம்மதமில்லீங்க! கோயமுத்தூர்ல சரிங்கன்னா, கேட்டுட்டிருக்கேன், மேல சொல்லுங்கன்னு அர்த்தமுங்க!"

லைன் அதற்குள் கட்டாகியிருந்தது. அவள் வெறும் போனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள், கோயமுத்தூர் பக்கம் அன்னூரிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒரு விவசாயியின் கட்டிலருகே அவளை நிற்க வைத்தார்கள். தலைமாட்டு ஸ்பீக்கரிலிருந்து, போனில் பேசிய அதே எந்திரக் குரல் அவரிடம் பேசியது.

"சர்க்கரை அதிகமாக இருக்கிறது."

"சரிங்க."

"விரல்கள் அழுகிவிட்டன."

"சரிங்க."

"முழங்காலோடு காலை எடுக்க வேண்டும்."

அவர் தலையாட்டிக்கொண்டே வாயைத் திறந்தார். தமயந்தி பாய்ந்து அந்த வாயைப் பொத்தினாள்.